படகு வரிசையில் கரையும் அரை நாள்: கன்னியாகுமரிக்கு வேனா, ஆட்டோவா?

நாகர்கோவிலில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிய கதை. விருந்தாளி வந்து இறங்கிய அன்று ராத்திரி, சாப்பிட்டுக் கை கழுவும்போதே கேட்டுவிடுவார்கள்: "காலையில கன்னியாகுமரி பாத்துட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துரலாம்ல?" வரலாம். இருபது கிலோமீட்டர்தான். ஆனால் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்கூட்டி. அதோடு, உள்ளூர்க்காரிக்கு ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சுசீந்திரத்தில் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்த எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்தக் கோயிலைப் பற்றி நாலு வரி சொல்லச் சொன்னால் முழிப்பேன்.

அதனால் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு விதமாகவும் போய்ப் பார்த்தாகிவிட்டது. மார்கழியில் ஈரோட்டிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்தபோது, கைடு வைத்த வேன் டூர். மாசியில் மதுரையிலிருந்து சித்தியும் சித்தப்பாவும் வந்தபோது, தெருமுனை ஸ்டாண்டு ஆட்டோ. என் ஓட்டு ஆட்டோவுக்கு. ஏன் என்று சொல்கிறேன், வேனுக்கு உண்டான நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

காசு பெரிய வித்தியாசம் இல்லை. வேனில் எங்களிடம் தலைக்கு 400 வாங்கினார்கள். நாலு பேருக்கு 1,600. ஆட்டோ விடியற்காலையிலிருந்து மதியம் ஒரு மணி வரைக்கும் மூன்று பேருக்கு மொத்தமாக 1,500. படகு டிக்கெட் இரண்டிலும் நம் செலவு. மூன்று பேர் வரைக்கும் வேன்தான் மலிவு, அதில் பேச்சே இல்லை. வேனில் ஏசி உண்டு, ஆட்டோவில் காற்று உண்டு.

பஸ்ஸையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அண்ணா பஸ் ஸ்டாண்டில் ஏறினால் சுசீந்திரம் வழியிலேயே வந்துவிடும், அப்புறம் கன்னியாகுமரி. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட்டும் கிடையாது. கல்லூரிப் பிள்ளைகள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸையே சொல்வேன். முழங்கால் வலிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கடலோரத்து வட்டக்கோட்டையையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால், அரை நாள் பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலேயே போய்விடும்.

ஆனால் எதில் போனாலும் கன்னியாகுமரியில் அரை நாளைத் தின்பது படகு வரிசைதான். வேனா ஆட்டோவா என்ற கேள்வியை நான் இதை வைத்துத்தான் முடிவு செய்வேன். கணக்கு இப்படி: பாறைக்குப் போகும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகுகள் காலை எட்டு மணிவாக்கில் ஓட ஆரம்பிக்கும். பகவதி அம்மன் கோயிலும் சுசீந்திரமும் மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்திவிடும், திரும்பத் திறப்பது சாயங்காலம் நாலு மணிக்கு. விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, அம்மன், சுசீந்திரத்துத் தாணுமாலயன் எல்லாம் அரை நாளில் வேண்டுமென்றால், இந்த நாலரை மணி நேரத்துக்குள் படகு வரிசையும் அடங்க வேண்டும். வரிசை ஒன்று இல்லை, இரண்டு. போக ஒன்று, பாறையிலிருந்து திரும்பி வர ஒன்று. இந்த இரண்டாவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வேனில் என்ன நடந்தது? எட்டரைக்கு ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார்கள். லாட்ஜ் லாட்ஜாக நின்று ஆட்களை ஏற்றி நகர ஒன்பதைத் தாண்டிவிட்டது. முதலில் சுசீந்திரம். அங்கே கைடு நன்றாகச் சொன்னார், அதைப் பிறகு சொல்கிறேன். கன்னியாகுமரி வந்து சேர்ந்தபோது பத்தே முக்கால். "மொத போட்ட முடிச்சிருவோம். கூட்டம் ஏறிட்டே இருக்கு, கோயில அப்புறமா பாக்கலாம்" என்று கைடு எங்களை வரிசையில் விட்டார். அவர் வரவில்லை. ஒன்றே முக்காலுக்கு வேன் எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

எனக்குப் பெரிதாக உறைத்தது அதுதான். கைடுக்காகத்தான் இந்த வேனையே பிடித்தோம். அரை நாளில் அதிக நேரம் போகிற இடம் படகுத்துறையும் பாறையும். அங்கே கைடு இல்லை. விவேகானந்தர் 1892 டிசம்பரில் தியானம் செய்த இடம், 1970இல் திறந்த மண்டபம் என்பதெல்லாம் வேனுக்குள் மைக்கில் சொல்லி முடித்தாயிற்று. பாறையில் வெறுங்காலோடு, மதிய வெயிலில் கல் சுட, எது ஸ்ரீபாத மண்டபம் எது தியான மண்டபம் என்று நாங்களேதான் தேடினோம்.

படகில் ஏறும்போதே பன்னிரண்டு பத்து. பாறையில் நின்றதே அரை மணி நேரம் இருக்காது, திரும்பும் வரிசையைப் பார்த்துப் பயந்து, இரண்டு பாறைகளையும் இணைக்கும் கண்ணாடிப் பாலத்தைத் தாண்டி வள்ளுவரிடம் போகாமலே திரும்பிவிட்டோம். கரைக்கு வந்தால் ஒன்றேகால். அம்மன் கோயில் நடை சாத்தி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மாமியார் வந்ததே அம்மனின் மூக்குத்தியைப் பார்க்கத்தான். அதன் ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதியதால்தான் கிழக்கு வாசலை மூடி வைத்திருக்கிறார்கள் என்ற கதையை ஈரோட்டிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தவர். மூடிய கதவுக்கு முன்னால் நின்று, "பாறையப் பாக்கறதுக்கா கண்ணு இத்தன தூரம் வந்தேன்?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல? மீதி நேரத்தை வேன்காரர்கள் ஒரு சங்குக் கடையில் நிறுத்திச் செலவழித்தார்கள். பட்டியலில் இருந்த வட்டக்கோட்டையின் பேச்சையே அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

மாசியில் ஆட்டோ அண்ணனிடம் எட்டு மணிக்கு வரச் சொன்னேன். சிரித்தார். "அஞ்சேகாலுக்குக் கெளம்புங்க அக்கா. அம்மன மொதல்ல பாத்துருவோம். பன்னெண்டரைக்கு நட அடச்சிருவாவ. பாற எங்கயும் ஓடிப்போவாது." எனக்கு அந்த ஒரு வாக்கியத்திலேயே 1,500 ரூபாய் செரித்துவிட்டது.

சூரிய உதயம் மேகத்துக்குள்ளேயே நடந்து முடிந்தது, அதற்கு ஆட்டோவைக் குற்றம் சொல்ல முடியாது. ஏழு மணிக்கு அம்மன் சன்னதியில் நாங்களும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும்தான். சித்தப்பா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக நின்று பார்த்தார். இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழே முக்காலுக்குப் படகு வரிசைக்குப் போனோம். எட்டரைக்கெல்லாம் பாறையில் இருந்தோம். கல் இன்னும் குளிர்ச்சியாக இருந்தது.

கண்ணாடிப் பாலத்தில் இந்த முறை நடந்தோம். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 2024 டிசம்பர் 30இல் திறந்தது. முன்பெல்லாம் கடலில் நீர்மட்டம் தாழ்ந்தாலோ அலை கூடினாலோ வள்ளுவர் பாறைக்குப் படகை நிறுத்திவிடுவார்கள். பாறைகளுக்கு நடுவே படகை அணைக்க முடியாது. விவேகானந்தர் பாறையோடு ஆசையை முடித்துக்கொண்டு திரும்பியவர்கள் எங்கள் வீட்டிலேயே நிறையப் பேர். இப்போது ஒரு பாறைக்குப் போய்விட்டால் இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். சித்தி கண்ணாடி இருக்கிற நடுப்பகுதியில் கால் வைக்கவே இல்லை. ஓரமாகவே, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அலையைப் பார்க்காமல் வள்ளுவரையே பார்த்துக்கொண்டு நடந்து வந்தார்.

பத்தரைக்குக் கரை. ஆட்டோவைக் காணோம். இதையும் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் படகில் இருந்த நேரத்தில் அவர் வேறு சவாரி ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருந்தார். போன் செய்தால் "இந்தா அஞ்சு நிமிசம்" என்றவர் இருபது நிமிடம் கழித்து வந்தார். சித்தப்பாவுக்கு முகம் கடுத்துவிட்டது. "கோவப்படாதீங்க அண்ணாச்சி" என்று நுங்கு வாங்கிக் கொடுத்துச் சமாளித்தார்.

அப்புறம் வட்டக்கோட்டை. மார்த்தாண்ட வர்மா காலத்தில் கட்டிய கருங்கல் கோட்டை. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவரானார், அவர் மேற்பார்வையில் எழுந்தது. ஆட்டோ அண்ணன் சொன்ன வரலாற்றில் டிலனாய் இல்லை. அதற்குப் பதிலாக இங்கிருந்து பத்மநாபபுரம் அரண்மனை வரை சுரங்கப்பாதை ஒன்று இருந்தது. முப்பது கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் தோண்டியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை, சித்தப்பா நம்பிவிட்டார். ஆனால் கோட்டைக்குப் பக்கத்துக் கடற்கரையில் ஆட்டோ அண்ணன் காட்டியதை எந்தக் கைடும் காட்டியிருக்கமாட்டார். டாஷ்போர்டிலிருந்து பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்றை எடுத்து, ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, கறுத்த மணலில் உருட்டினார். எடுத்தால் அடியில் கறுப்புத் துகள்கள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. காந்தத்தைக் கவரைவிட்டு வெளியே இழுத்ததும் எல்லாம் உதிர்ந்துவிட்டன. மணவாளக்குறிச்சியில் மணலிலிருந்து கனிமம் பிரிக்கும் ஆலை எதற்காக இருக்கிறது என்று இத்தனை வருடம் கழித்து எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சுசீந்திரம் வந்தபோது பதினொன்று ஐம்பது. தரிசனத்துக்கு நேரம் இருந்தது. ஆனால் கைடு இல்லாத குறை இங்கேதான் தெரிந்தது. வேனில் வந்த அன்று அந்தக் கைடு ஒரு தூண் முன்னால் எங்களை நிறுத்திப் பெண் வடிவப் பிள்ளையாரைக் காட்டினார், விக்னேஸ்வரி. பிறந்ததிலிருந்து போய்வரும் கோயிலில் அன்றைக்குத்தான் முதல் முறையாக அவளைப் பார்த்தேன். ஒரே கல்லில் குடைந்த இசைத்தூண் கொத்துகள், 18 அடி ஆஞ்சநேயர் என்று ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னார். வள்ளுவர் சிலையின் 133 அடிக்கும் வேனிலேயே கணக்கு சொல்லிவிட்டார்: பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள், சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்து. சித்தி, சித்தப்பாவுக்கு அந்தக் கணக்கைச் சொல்லிப் பெயர் வாங்கிக்கொண்டது நான். ஆகவே கதையும் சிற்பமும்தான் முக்கியம் என்றால், அரை நாளைச் சுசீந்திரத்தில் மட்டும் வைத்துக்கொண்டு நல்ல கைடோடு போவது ஆட்டோவைவிட மேல். படகு வரிசைதான் கைடை வீணாக்குகிறது.

என் ஒப்பீட்டில் ஒரு கோணல் உண்டு. வேனில் போனது மார்கழி ஞாயிறு, சபரிமலை சீசன், ஊரே கறுப்பு வேட்டி. ஆட்டோவில் போனது மாசிப் புதன்கிழமை. அந்த ஞாயிறு ஆட்டோவில் போயிருந்தாலும் வரிசை வரிசைதான். ஆனால் ஏழே முக்காலுக்கு வரிசையில் நிற்பதா, பத்தே முக்காலுக்கு நிற்பதா என்பது நம் கையில் இருந்திருக்கும். சீசனில்தான் போக வேண்டும் என்றால், கூடுதல் விலைக்குச் சிறப்பு டிக்கெட் தருகிறார்கள், யோசிக்காமல் அதை வாங்கிக்கொள்ளுங்கள். கடல் சீற்றத்தால் படகே ஓடாத நாளில் நான் எந்த வண்டியிலும் போனதில்லை. ஆட்டோ என்றால் உடனே வேறு பக்கம் திருப்பலாம் என்று தோன்றுகிறது, அனுபவம் இல்லை.

இதே அரை நாளில் பத்மநாபபுரத்தையும் திற்பரப்பு அருவியையும் சேர்த்துக் காட்டுகிறோம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிடுங்கள். அரண்மனைக்கே தனியாக ஒரு அரை நாள் வேண்டும். அது இருப்பது தக்கலைப் பக்கம், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை, திங்கட்கிழமை விடுமுறை. உள்ளே ஆங்காங்கே அவர்கள் ஆட்களே நின்று விளக்குவார்கள், வெளியிலிருந்து கைடு கூட்டிப் போகத் தேவையில்லை.

ஆட்டோ என்று முடிவானால் கிளம்பும் முன்பே இரண்டு விஷயம் பேசிக்கொள்ளுங்கள். தொகை வெயிட்டிங்கும் சேர்த்தா என்று ஒன்று. நாம் படகில் இருக்கும்போது அவர் சவாரி எடுத்தால் எத்தனை மணிக்குத் திரும்ப நிற்க வேண்டும் என்று இன்னொன்று. நான் முதலாவதை மட்டும்தான் பேசினேன்.

மாமியார் அடுத்த மாதம் திரும்ப வருகிறார், அந்த மூக்குத்திக்காகவே. இந்தத் தடவை அவருடைய அக்காவும் கூட. நானும் என் கணவரும் சேர்ந்தால் நாலு பேர் ஆகிவிடுகிறோம், ஆட்டோவில் மூன்று பேருக்குத்தான் இடம். அண்ணனிடம் கேட்டேன். "பெரியவங்கள நான் ஏத்திக்கிடுதேன், நீங்க ரெண்டு பேரும் ஸ்கூட்டில பின்னாலயே வந்துருங்க அக்கா. அஞ்சேகால், மறந்துராதீங்க" என்றார்.