ஷீ-ஹல்க்: அந்த வக்கீலுக்காகப் பாருங்கள்
2022-இல் டிஸ்னி பிளஸ்ஸில் வந்த ஒன்பது பகுதித் தொடர். கோபம் வந்தால் ஹல்க் என்ற பச்சை ராட்சசனாக மாறும் ப்ரூஸ் பேனரின் ரத்தம் ஒரு கார் விபத்தில் கலந்து, வக்கீல் ஜெனிஃபர் வால்டர்ஸுக்கும் அந்தச் சக்தி வருகிறது. கோபத்தை அடக்க ப்ரூஸ் வருஷக்கணக்கில் பட்ட பாட்டை இவள் சட்டென்று தாண்டிவிடுகிறாள். தெருவில் எவனாவது சீண்டினாலும், தனக்கு நன்றாகத் தெரிந்ததையே எவனாவது பாடம் எடுத்தாலும் தினமும் கோபத்தை அடக்கிப் பழகியவள் நான் என்று அவள் பொரிந்து தள்ளும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

புது வேலை கிடைக்கிறது, ஆனால் பச்சை உருவத்தில்தான் வரவேண்டுமாம். படித்து வாங்கிய பட்டத்துக்கு என்ன மரியாதை?

கிராபிக்ஸ் சில இடங்களில் ஒட்டவில்லை. அப்புறம், ஷீ-ஹல்க் என்ற அவள் பெயரையே அவளுடைய எதிரி டைட்டானியா டிரேட்மார்க் செய்துகொள்ள, அதை மீட்க இவள் கோர்ட் ஏறும் பகுதியை இன்னும் நீட்டியிருக்கலாம். ஜெனிஃபராக நடித்த டாட்டியானா மஸ்லானிக்காகவே மறுபடி பார்ப்பேன்.