பழைய டயாப்லோ 2-ஆ, ரிசரெக்டடா?

2000-இல் வந்த கம்ப்யூட்டர் ஆட்டம். மறுவருஷம் லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன் என்ற கூடுதல் பாகம் சேர்ந்தது. 2021 செப்டம்பரில் அதையே புதுப்பித்த ரிசரெக்டட். புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் எதைப் போடலாம் என்று கேட்பவர்கள் முதலில் கிராஃபிக்ஸைத்தான் பார்க்கிறார்கள். உள்ளே ஓடும் கடிகாரம் இரண்டிலும் ஒன்றே: நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 துடிப்பு.

இந்த ஆட்டம் இன்னும் சலிக்காததற்கு அந்தக் கணக்கே காரணம். லைட்னிங், செயின் லைட்னிங் தவிர எந்த மந்திரத்துக்கும் மந்திரக்காரி கேரக்டரான சார்சரஸுக்கு 13 ஃபிரேம் ஆகும். சரியாக இரண்டே சாக்கெட் (கல் பதிக்கும் குழி) உள்ள சாதாரணக் கவசத்தில் முதலில் டால், அடுத்து எத் என்ற ரூன் கற்களைப் பதித்தால் அது ‘ஸ்டெல்த்’ கவசமாகும். மந்திரம் போடும் காஸ்ட் வேகம் 25% ஏறி 11 ஃபிரேமுக்கு வரும். அந்த 11, 20%-லேயே கிடைத்துவிடும். அடுத்த படி 37%. இடையில் சேர்ப்பதெல்லாம் வீண். வரிசை மாறினாலோ மூன்று சாக்கெட் கவசம் என்றாலோ ரூன் போச்சு. பெயர் நீலத்தில் இருக்கும் கவசமும் ஆகாது.

நிஜமான வித்தியாசம் பொருள்களைச் சேர்த்துவைக்கும் பெட்டியில். பழையதில் 48 கட்டம், அதுவும் அந்த ஒரு கேரக்டருக்கு மட்டும். ரிசரெக்டடில் 100, கூடவே எல்லாக் கேரக்டருக்கும் பொதுவாக 100 கட்டத்தில் மூன்று. தங்கத்தை மிதித்தாலே பைக்குள் வந்துவிடும். விரல் நோக ஒவ்வொரு குவியலாகக் கிளிக் பண்ணியவர்களுக்கு இது ஒன்றே போதும். தனியாக ஆடுபவர் யோசிக்காமல் ரிசரெக்டட் எடுக்கலாம். கீபோர்டில் ஜி-யைத் தட்டினால் பழைய தோற்றமும் வரும்.

ரிசரெக்டடுக்குக் குறைந்தது 8 ஜிபி ராம், 30 ஜிபி இடம், ஜிடிஎக்ஸ் 660 அளவு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். பழையது எந்த ஆபீஸ் லேப்டாப்பிலும் ஓடும். ஆனால் 800x600 என்பதால் அகலத் திரையில் இழுபட்டுத் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகைப் புயலில் நெட் போனால்? ரிசரெக்டட் ஆஃப்லைனில் ஓடும். 30 நாளுக்கு ஒருமுறை ஆன்லைன் வந்தால் சரி. நெட் இல்லாமல் ஒரே அறையில் இரண்டு பேர் சேர்ந்து ஆட மட்டும் அதில் வழியில்லை. இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைக்கும் டிசிபி/ஐபி வசதியையே எடுத்துவிட்டார்கள், பெரிய தப்பு. பழையதில் அந்த வசதி உண்டு; இருவரும் ஒரே பேட்ச்சில் (ஆட்டத்தின் பதிப்பு), 1.14டி என்றால் 1.14டி-யில், இருக்க வேண்டும். ஒருவர் தன் மெஷினில் ஆட்டத்தைத் தொடங்கி ஹோஸ்ட் பண்ண, மற்றவர் அந்த மெஷினின் ஐபி எண்ணை அடித்தால் ஆச்சு. சேரவில்லையென்றால் ஹோஸ்ட் மெஷினின் ஃபயர்வாலில் 4000-ஆம் போர்ட்டைத் திறந்து பாருங்கள். இரண்டையும் இணைக்க டேட்டா இல்லாத போன் ஹாட்ஸ்பாட்டே போதும். சில போன்கள் மட்டும் இரு லேப்டாப்பையும் ஒன்றையொன்று பார்க்க விடாது. அப்போது ஒரு லேன் கேபிள்.