650 ரூபாய் கிரிம்பிங் கிட்: எட்டு லைட்டும் எரிந்தது, நெட் வரவில்லை

தாம்பரத்தில் அக்கா நடத்தும் டியூஷன் சென்டரில் நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். கீழ்வீட்டு வைஃபை மாடிக்கு ஒழுங்காக எட்டாது. கேபிள் இழுக்க வந்தவர் கேட்ட கூலியைக் கேட்டதும் அக்கா என் பக்கம் திரும்பி, "நீதான் நெட்வொர்க்கிங் படிச்சியே, நீயே போடுடா" என்று சொல்லிவிட்டாள். படித்தது உண்மைதான். காலேஜ் முடித்த கையோடு ஒரு சென்டரில் மூணு மாச கோர்ஸ். நெட்வொர்க் வேலையை அடுக்கடுக்காகப் பிரித்துச் சொல்லும் ஓஎஸ்ஐ மாடலின் ஏழு லேயரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன், ஆனால் அந்த மூணு மாசத்தில் ஒரு லேன் கேபிளைக் கையால் தொட்டதில்லை.

ரிச்சி தெருவில் வாங்கி வந்தது இவ்வளவு: கம்பெனிப் பேர் எதுவும் இல்லாத கிரிம்பிங் கிட் 650 ரூபாய் (முனையைக் கேபிளோடு அழுத்திப் பூட்டும் கிரிம்பர், கம்பிகள் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று லைட் எரித்துக் காட்டும் டெஸ்டர், தோல் சீவும் சின்னக் கருவி, கேபிள் நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் பிளக்கான ஆர்ஜே45 முனைகள் 50), கேபிள்களைச் செருகி கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் எட்டு போர்ட் சுவிட்ச் ஒன்று, அப்புறம் மீட்டர் கணக்கில் கேட்6 ரக நெட்வொர்க் கேபிள். டெஸ்டருக்கு 9 வோல்ட் பேட்டரி வேண்டும், அது பெட்டிக்குள் இல்லை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கிரிம்பர் பரவாயில்லை. பிடி கொஞ்சம் ஆடுகிறது, ஆனால் அழுத்தும்போது எட்டு பின்னும் சமமாக இறங்குகிறது. அதோடு இருக்கும் பிளேடு மொக்கை, நான் கத்தரிக்கோலுக்கு மாறிவிட்டேன். கேபிள் வாங்கும்போது மட்டும் ஒரு காரியம் செய்யுங்கள்: உள்ளே இருக்கும் கம்பி ஒன்றை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு, நாலு தடவை வளைத்தால் முறியும்.

இனி டெஸ்டர். இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நாலு ஜோடி. நான் முதல் கேபிளைப் போட்டபோது வரிசையை யூடியூபில் பார்க்கச் சோம்பல்பட்டு, பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று ஜோடி ஜோடியாகவே அடுக்கினேன்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, பச்சை, நீலம்-வெள்ளை, நீலம், பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் அதே வரிசைதான். டெஸ்டரில் செருகினால் 1 முதல் 8 வரை லைட் வரிசையாக எரிகிறது. அப்படியே இழுத்து மாட்டினேன். சுவிட்சிலும் லைட் வந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு நேரம் நெட் வரும், ஒரு நேரம் வராது. கம்ப்யூட்டரின் நெட்வொர்க் முகவரியை (ஐபி) காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்துப் பார்த்தால் சில சமயம் 192.168 என்று தொடங்கும் முகவரி, சில சமயம் 169.254. இரண்டாவதைப் பார்த்தால் புரிந்துகொள்ளுங்கள், உங்கள் கம்ப்யூட்டர் "எனக்கு ஒரு ஐபி கொடுங்க" என்று கேட்டுக் கேட்டு ரவுட்டரிடமிருந்து பதில் வராமல், கடைசியில் தனக்குத் தானே ஒரு நம்பரைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். ரவுட்டரை பிங் செய்தால், அதாவது "இருக்கியா?" என்று கேட்டுப் பார்த்தால், நாலில் இரண்டுக்குத்தான் பதில்.

ஒரு சாயங்காலம் முழுக்க ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். குற்றம் என்னுடையது. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகத்தில் வேலை செய்வது 1, 2, 3, 6 ஆகிய நாலு பின்கள்தான், அதில் 3-ம் 6-ம் சேர்ந்து ஒரு ஜோடி. அந்த இரண்டிலும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட கம்பிகள் போக வேண்டும், அந்த முறுக்குதான் பக்கத்துக் கம்பியின் இரைச்சலைத் தன்மேல் ஒட்டவிடாமல் தடுக்கிறது. நான் அடுக்கிய அடுக்கில் 3-ல் பச்சை-வெள்ளை, 6-ல் நீலம். அதாவது வெவ்வேறு ஜோடி. மின்சாரம் போகும், அதனால் டெஸ்டர் தலையாட்டும், ஆனால் 20 மீட்டர் தூரத்தில் டேட்டா நாறிப்போகும். சரியான வரிசை, டி568பி என்று பேர் வைத்த தர வரிசை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. பச்சைக்கு நடுவில் நீலம் ஏன் புகுந்துகொண்டு நிற்கிறது என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. மூணு மாச கோர்ஸில் முதல் லேயர் "பிசிக்கல்" என்று ஒரே வரியில் கடந்து போனார்கள்.

ஆக டெஸ்டர் பொய் சொல்லவில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னது. கம்பி அறுந்திருக்கிறதா, மாறியிருக்கிறதா என்று பார்க்க அது போதும். ஜோடி பிரிந்ததைக் கண்டுபிடிக்கும் டெஸ்டர்களின் விலையைக் கேட்டேன், கேட்டதோடு சரி. வீட்டு வேலைக்குத் தேவையில்லை, வரிசையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கிரிம்பரில் ஒட்டிவிடுங்கள்.

சுவிட்ச் 10/100 ரகம், அதாவது அதிகபட்சம் 100 எம்பிபிஎஸ். நெட் பார்க்க மட்டும் என்றால் தாராளம். கம்ப்யூட்டருக்கு கம்ப்யூட்டர் வீடியோ ஃபைல் அனுப்புகிறவர்கள் பத்து மடங்கு வேகமான கிகாபிட் ரகமே வாங்குங்கள், ஏனென்றால் 100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட்தான். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், எனவே பழுப்புக் கம்பி சும்மாதானே இருக்கிறது என்று அசட்டையாக இருக்க முடியாது.

போன வாரம் இன்னொரு கூத்து. ஒரு கம்ப்யூட்டரை சர்வீஸுக்கு எடுத்துப் போயிருந்தோம், அதன் கேபிள் மேஜைக்கடியில் கிடந்தது. எட்டாவது படிக்கும் ஒரு வாண்டு, கழன்று கிடக்கிறதே என்று நல்ல மனசோடு அதை சுவிட்சின் காலி போர்ட்டிலேயே சொருகிவிட்டான். ஒரே கேபிளின் இரண்டு முனையும் ஒரே சுவிட்சில். எல்லா லைட்டும் பேய் பிடித்த மாதிரி மின்ன, சென்டர் மொத்தமும் நெட் செத்தது. யாருக்கு என்று தெரியாமல் எல்லாருக்கும் அனுப்பும் பிராட்காஸ்ட் ஒன்று அந்த வளையத்துக்குள் மாட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கும், கேபிளில் டேட்டா போகும் பொட்டலமான ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் கணக்கு எதுவும் கிடையாது. பெரிய ஆபீஸ் சுவிட்சுகளில் இந்த வளையத்தைக் கண்டுபிடித்து ஒரு பக்கத்தை அடைக்கும் ஸ்பானிங் ட்ரீ இருக்கும், கணினி விஞ்ஞானி ராடியா பெர்ல்மன் 1985-ல் உருவாக்கியது. நான் வாங்கிய சின்ன சுவிட்சில் அதெல்லாம் இல்லை. "என்னடா, உன் கேபிள் திரும்பவும் புட்டுக்கிச்சா?" என்று அக்கா மாடிப்படியிலிருந்தே கத்தினாள். அந்த ஒரு முனையைப் பிடுங்கினேன், லைட்டுகள் அடங்கின. காலி போர்ட்டுகள் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன்.

ஆறு கேபிளுக்குப் பன்னிரண்டு முனை, வீணாக்கியது ஒன்பது. மீதி 29 ஆர்ஜே45 டப்பாவில் கிடக்கிறது. 25 முனை வரும் கிட் அதே கடையில் 80 ரூபாய் குறைவு, அதை வாங்குங்கள், பேட்டரியையும் சேர்த்து.