முன்பக்க ஸ்பிளிட்டருக்கு 12 மி.மீ. பிர்ச் பிளைவுட்: ஒரு சீசன் ஓட்டிய பிறகு

கார்பன் ஃபைபர் ஸ்பிளிட்டர் (ரேஸ் காரின் முன் பம்பருக்குக் கீழே தரையை ஒட்டி நீளும் தட்டு) வாங்கி, முதல் நாளே டிராக் ஓரத்துக் கெர்பில் மோதி உடைத்தவன் நான். அப்புறம்தான் இந்தப் பலகைக்கு வந்தேன். ஜிக்சா வைத்து ஒரே மாலையில் வெட்டியாயிற்று. அடுக்குக்கு அடுக்கு இழை குறுக்கே ஓடுவதால் எந்தப் பக்கமும் சுலபமாகப் பிளக்காது. மேலே ஏறி நின்றும் பார்த்தேன், லேசாக வளைந்ததோடு சரி.

மரமா என்று சிரித்த நண்பர்களுக்கு: 1959இல் தொடங்கிய மார்கோஸ் நிறுவனத்தின் முதல் கார்களுக்கு அடிச்சட்டமே (சேஸி) பிளைவுட்தான். வடிவமைத்த ஃபிராங்க் காஸ்டின் விமானத் தொழிலிலிருந்து வந்தவர். 1994இல் ஃபார்முலா 1 கார்களின் அடியிலும் 10 மி.மீ. பலகை கட்டாயமானது. அது அளவுக்கு மேல் தேய்ந்திருந்ததால் அதே ஆண்டு பெல்ஜியத்தில் ஷூமாக்கரின் வெற்றியே பறிபோனது.

குறை? ஓரங்கள் தண்ணீர் குடிக்கும். மேற்பரப்புக்கு மட்டும் எபாக்சி பிசின் பூசிய என் சோம்பேறித்தனத்தால், மூன்றாவது மழை ரேஸில் வலது மூலை உப்பிப் பிரிந்தது. போல்ட் துளைக்குள்ளும் பூச வேண்டும். கார்பனைவிட எடையும் கூடுதல்தான். இருந்தும் அடுத்த சீசனுக்கு இதிலேயே இரண்டு வெட்டி வைத்துவிட்டேன்.