ஈ.ரி.எஃப். பணத்தில் எதை வாங்குவது: ஏசியா, பிரிட்ஜா, கமராவா, வயலினா?

வேலை மாறியதன் பின் இலங்கையின் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திலிருந்து (ஈ.ரி.எஃப்.) என் கைக்கு வந்த தொகை, இரண்டு இலட்சம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. ஊழியரின் சம்பளத்தில் 3 சதவீதத்துக்குச் சமமான தொகையைத் தொழில்தருநரே தம் பங்காகச் செலுத்துவதாலும், அதற்காக நம் சம்பளத்திலிருந்து ஒரு சதமும் கழிக்கப்படாததாலும், அப்படி ஒரு பணம் சேர்ந்து வருவது பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை. வேலையை விடும்போது அதை எடுத்துக்கொள்ளலாம். ஒருமுறை எடுத்தவர் மறுமுறை எடுப்பதற்கு ஐந்து வருடங்கள் கடந்திருக்க வேண்டும். காணிக்கும் வீட்டுக்கும் போதாத, ஆனால் சில்லறைச் செலவில் கரைய விடவும் மனம் வராத அளவுத் தொகை இது. எங்கள் வீட்டில் நான்கு பொருட்கள் அதற்குப் போட்டியிட்டன: படுக்கையறைக்கு ஏசி, பழைய பிரிட்ஜுக்குப் பதிலாகப் புதியது, எனக்கு நீண்ட நாள் ஆசையான கமரா, சிறு வயதில் கற்று இடையில் விட்ட வயலின். நான் வயலினை வாங்கினேன். அந்த முடிவு சரியென்றே இன்றும் நினைக்கிறேன் என்பதால், இந்த ஒப்பீடு அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்குமே வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. பிறகு ஓரளவு இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரியும் (வற்) 18 சதவீதமாகிவிட்டது. இந்தச் சுமை எதை வாங்கினாலும் உண்டு. எனவே நான் பார்த்தது வேறொன்றை: வாங்கி வீட்டில் வைத்த பிறகு அந்தப் பொருள் மாதச் சம்பளத்தில் எவ்வளவு கேட்கும், கேட்பதை நிறுத்திவைக்கும் உரிமை என் கையில் இருக்குமா என்பதே அது. எதிர்பாராமல் வரும் பணம் ஒருமுறைதான் வருகிறது. பொருளின் பராமரிப்போ மாதாமாதம் வருகிறது.

இந்த அளவுகோலில் முதலில் விழுந்தது ஏசி. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொழும்பின் வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றில் மின்விசிறியை மட்டும் நம்பித் தூங்குவது எவ்வளவு கடினம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நமது வீட்டு மின்கட்டணம் படிகளாக அமைந்திருக்கிறது. மாதம் 60 அலகுகளுக்கு மேல் பாவிக்கும் வீட்டுக்கு முதல் அலகிலிருந்தே வேறு விலை; அதன்மேல் 90, 120, 180 என ஒவ்வொரு எல்லையைக் கடக்கும்போதும் அலகின் விலை ஏறுகிறது, நிலையான கட்டணமும் கூடுகிறது. 2025இல் 180ஐத் தாண்டிய அலகு ஒன்றின் விலை, அதே பட்டியலின் முதல் 60 அலகுகளுக்குரிய விலையைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. எங்கள் வீட்டின் வழமையான பாவனை ஏறக்குறைய 110 அலகுகள். சிறிய ஏசி ஒன்று இரவுக்கு நான்கு அலகுகள் எடுத்தாலும் மாதத்துக்கு 120 அலகுகள் கூடும்; கூடும் அலகுகளில் ஏறக்குறைய எல்லாமே அதிக விலையுள்ள கடைசி இரு படிகளில் போய் விழும். ஆகவே பாவனை இருமடங்கானால் பட்டியலும் இருமடங்காகும் என்று கணக்குப் போடுவது தவறு. அது அதைவிட வெகு தூரம் போய்விடும். விலையும் ஓரிடத்தில் நிற்பதில்லை: 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் பெரிதாக ஏறி, 2024இல் இறங்கி, 2025 ஜனவரியில் மேலும் இறங்கி, அதே ஆண்டு ஜூனில் மீண்டும் 15 சதவீதம் ஏறியது. கடற்காற்றில் ஏசியின் வெளிப்பெட்டி துருப்பிடிப்பதைப் பற்றி நான் அறிந்தது மச்சாள் வீட்டில் பார்த்த அளவுதான். அவர்களுடைய வீடு காலி வீதிக்குக் கடற்பக்கமாக இருப்பதால் அங்கே சற்று அதிகமாக இருந்திருக்கலாம். வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் மாறும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பிரிட்ஜ் அத்தியாவசியப் பொருள் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அம்மாவின் வாதமும் அதுதான்: "பாட்டுப் பிறகும் படிக்கலாம் தம்பி, பால் பழுதானால் என்ன செய்வது?" ஆனால் எங்கள் பிரிட்ஜ் குளிர்ந்துகொண்டிருந்தது, அதன் மோட்டார் மட்டும் ஓய்வில்லாமல் ஓடியது. கதவிடுக்கில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். மேற்பக்கத்தில் இறுக்கமாகப் பிடித்த கதவு, கீழ்மூலையில் கடதாசியைத் தடையின்றி விட்டுவிட்டது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் அந்த இடத்தில் கடினமாகி வளைந்திருந்தது. அதை மாற்றுவதற்கு, என் கைக்கு வந்த தொகையில் மிகச் சிறிய பகுதியே போதுமாக இருந்தது. மோட்டாரும் இப்போது இடைவிட்டே ஓடுகிறது. பழுதாகியிருந்தது கம்ப்ரஸராக இருந்திருந்தால், இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லாமல் புதிய இன்வேர்ட்டர் பிரிட்ஜைத்தான் வாங்கியிருப்பேன். தேவை என்ற சொல்லுக்கு மரியாதை கொடுத்து, வேலை செய்யும் பொருளை மாற்றுவதற்கு முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம் என்பதே இந்த இடத்தில் என் நிலைப்பாடு.

கமராவை விடுவதற்குத்தான் மனம் வரவில்லை. ஆனால் கொழும்பின் ஈரப்பதன் கண்ணாடி வில்லைகளுக்குப் பகை. காற்றோட்டமில்லாத அலுமாரியில் பையோடு வைத்த வில்லையின் உட்பக்கத்தில் சிலந்தி நூல்போல் பூஞ்சணம் படரும். முற்றினால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். அதைத் தடுக்க ஈரம் உறிஞ்சும் மின்பெட்டி ஒன்று தேவை. பிறகு இன்னொரு வில்லை தேவைப்படும். நானே சொந்தமாகக் கமரா வைத்திருந்தவன் அல்லன். அலுவலகக் கமராவைக் கையாண்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

இசைக் கருவிக்கு வந்தபோது, வயலினுக்கு எதிராக வீட்டில் எழுந்த பெயர் வீணை. மனைவி வீணை கற்றவர். ஆனால் வீணையின் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தும் உலோகக் கட்டைகள்) மெழுகுக் கலவையில் பதிக்கப்பட்டவை. வெப்பத்தில் மெழுகு இளகினால் மெட்டின் இடம் பிசகும், சுருதி கெடும். மீண்டும் மேளம் கட்டுவதற்கு, அதாவது மெட்டுகளைச் சுருதிக்கேற்ப மெழுகில் பதிப்பதற்கு, அந்த வேலை தெரிந்தவர் வேண்டும், அப்படிப்பட்டவரைக் கொழும்பில் எங்களால் எளிதில் கண்டுபிடிக்க முடியவில்லை. வயலினுக்கு அந்தக் கவலை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுஸ்வாமி தீட்சிதர் போன்றோரால் கர்நாடக இசைக்குள் வந்த இந்தக் கருவி, கொழும்பில் நம்முடையது மட்டுமன்று. மேலைத்தேய வாத்தியக் குழுவிலும், தேவாலயத்திலும், சிங்களப் பாடல்களிலும், பாடசாலை இசைக்குழுக்களிலும் அதுவே இருக்கிறது. எனவே தந்தி, வில்லில் பூசும் பிசினான ரொசின், தந்திகளைத் தாங்கும் குதிரை, வில் ஆகிய எல்லாமே இங்குள்ள இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கின்றன, திருத்துபவரும் கிடைக்கிறார். ஒரு கருவியைப் பலவகை இசைக்காரர்கள் பாவிக்கும் ஊரில் அதைப் பராமரிப்பது மலிவாகிவிடுகிறது என்பதை நான் இந்தத் தேடலில்தான் உணர்ந்தேன்.

புதியதைத் தேடாமல், வெளிநாட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்திடமிருந்து பாவித்த வயலினை வாங்கினேன். ஆசிரியர் என்னுடன் வந்து, அதன் விளிம்பை விரல் மூட்டால் சுற்றிலும் தட்டிப் பார்த்தார். எங்கும் ஒரே சீராகக் கேட்ட ஒலி, முகவாயை வைக்கும் நாடிப் பலகைக்கு அருகே ஓரிடத்தில் மட்டும் நடுங்கியது. அங்கே மேற்பலகை பக்கப் பலகையிலிருந்து மயிரிழை அளவு விலகியிருந்தது. அவர் அதற்காகக் கருவியை வேண்டாம் என்று சொல்லவில்லை. வயலினை ஒட்டும் பசை விலங்குத் தோலிலிருந்து காய்ச்சப்படுவது. ஈரத்திலும் வெப்பத்திலும் மரம் விரிந்து சுருங்கும்போது, மரம் பிளப்பதற்கு முன் பசை விட்டுக்கொடுக்கும்படியே அது ஒட்டப்படுகிறது என்று விளக்கினார். திருத்துபவர் சூடான பசையிட்டு, பிடிகளால் இறுக்கி, மறுநாள் கொடுத்தார். பிளந்த மரத்துக்கும் திறந்த மூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் பாவித்த வயலினைப் பயமின்றி வாங்கலாம்.

வீட்டில் அதற்குத் தேவைப்படுவது குறைவு. வாசித்து முடித்ததும் தந்தியில் படியும் ரொசின் தூளையும் வியர்வையையும் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். வில்லின் மயிரைத் தளர்த்தி வைக்க வேண்டும். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பைகளைப் போட்டு அவ்வப்போது மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் பிரடைகள் (தந்தியை முறுக்கும் மர முளைகள்) ஊதி இறுகும், வரண்ட நாட்களில் வழுக்கும். கடலுக்கு அருகில் இருப்பவர்களுக்கு முதலில் துருப்பிடிப்பது மெல்லிய உருக்குத் தந்திதான்; அதை மட்டும் தனியே மாற்றிக்கொள்ளலாம். வில்லுக்குக் குதிரை மயிர் மாற்றும் செலவு எப்போதாவதுதான் வரும்.

பெரிய செலவு ஆசிரியருக்குக் கொடுக்கும் கட்டணம். அதை மறைத்து வயலின் மலிவு என்று எழுதுவது நேர்மையாகாது. வருடக் கணக்கில் பார்த்தால் கருவியின் விலையை அது எட்டிவிடும். ஆனாலும் கையில் பணமில்லாத மாதத்தில் வகுப்பை நிறுத்திவிட்டு, தெரிந்த வர்ணத்தை (கர்நாடக இசையின் பயிற்சி உருப்படி) வீட்டிலிருந்து சாதகம் செய்யலாம். மின்கட்டணப் பட்டியலை அப்படி நிறுத்திவைக்க இயலாது. வேலை முடிந்து வந்து, ஆரம்பப் பாடமான ஸரளி வரிசையிலிருந்து மறுபடி தொடங்கும் அந்த அரை மணி நேரம் எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்பதும், அத்தியாவசியம் எது என்ற எங்கள் வீட்டு விவாதத்தில் சேர்க்கப்பட வேண்டியதே.

பிள்ளைக்காக வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயலின் கால், அரை, முக்கால், முழு என அளவுகளில் வருகிறது. கை நீளம் வளர வளர அளவையும் மாற்ற வேண்டும். சிறிய அளவுகளைப் புதிதாக வாங்காமல், அதே ஆசிரியரிடம் படித்து வளர்ந்துவிட்ட பிள்ளையிடமிருந்து வாங்கி, உங்கள் பிள்ளை வளர்ந்ததும் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள். இந்தப் பணத்தை முழு அளவு வாங்கும் வயது வரும்வரை வங்கியில் வைத்திருப்பது நல்லது.