ரெஸ்யூம் எழுதித் தர்றோம்னு 6,500 ரூபாய் சுருட்டிட்டாங்க, வேலூர் பசங்க உஷார்

வயிறு எரியுது. வேலை தேடுற பசங்களும் அவங்களைப் பெத்தவங்களும் இதை முழுசாப் படிங்க.

என் தம்பி டிப்ளமோ மெக்கானிக்கல். ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்ல சிஎன்சி லேத், அதான் கம்ப்யூட்டர்ல ஓடுற கடைசல் மெஷின், ஓட்டிக்கிட்டிருந்தான். ஆர்டர் குறைஞ்சதும் ஆளைக் குறைச்சாங்க. வேற கம்பெனி தேடுறப்ப போன்ல ஒரு விளம்பரம், ரெஸ்யூம் எழுதித் தர்ற ஆன்லைன் சர்வீஸ்.

பேசினது ஒரு பொண்ணு. "நானும் குடியாத்தம்தான்க்கா, உங்க தம்பி எனக்கும் தம்பி மாதிரி"ன்னுச்சு. நம்ம ஊரு பேச்சு, அதுலதான் மனசு இளகிடுச்சு. தம்பி எந்த மெஷின் ஓட்டினான், எத்தனை வருஷம்னு பொறுமையாக் கேட்டுச்சு, நடுநடுவுல "சொல்லுங்கக்கா, எழுதிக்கிறேன்"ன்னுச்சு. இவ்வளவு விசாரிக்கிறவங்க ஏமாத்துவாங்கன்னு யாருக்குத் தோணும்? ரெஸ்யூமுக்கு 2,500. அடுத்து, ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு கம்பெனி செலக்ட் பண்ணிடுச்சாம், இன்டர்வியூ கன்ஃபர்ம் பண்ண 4,000, சேர்ந்ததும் திருப்பித் தருவாங்களாம். அம்மா சீட்டு எடுத்த பணம். மொத்தம் 6,500 ரூபாய்.

வந்த ரெஸ்யூமைப் பாத்தா கொதிக்குது. நீலக் கலர் பட்டை, 'லீடர்ஷிப்'புக்கு நாலு ஸ்டார், 'கம்யூனிகேஷன்'க்கு அஞ்சு ஸ்டார். ஃபானுக் கம்பெனி கண்ட்ரோல் இருக்குற மெஷினை ஓட்டினது, டிராயிங் பாத்து செட்டிங் போட்டது, மைக்ரோமீட்டர்ல அளவு பாத்தது, அவன் சொன்னதுல ஒரு வரி இல்ல. கீழ டிக்ளரேஷன்ல இடம்: நாக்பூர். யாரோ ஒருத்தர் ரெஸ்யூம்ல பேரை மட்டும் மாத்தியிருக்காங்க! அதுவும் முழுக்க ஒரே படம். போன் நம்பரைக் காப்பி பண்ணப் பாத்தேன், ஒரு எழுத்துகூட செலக்ட் ஆகல. பெரிய கம்பெனிகள்ல நிறைய இடத்துல சாஃப்ட்வேர்தான் முதல்ல வடிகட்டுது, படமா இருந்தா எழுத்தைப் படிக்காமலே தள்ளிவிட வாய்ப்பிருக்கு.

கேட்டா, "சார் மீட்டிங்ல இருக்காருக்கா". அப்புறம் "48 மணி நேரத்துல அப்டேட் ஆகும்". அப்புறம் வேற ஒருத்தன் எடுத்து, "ஃபீஸ் ரீஃபண்ட் ஆகாது, டெர்ம்ஸ் படிக்கலையா மேடம்?"னான். அந்தக் குடியாத்தம் பொண்ணு ப்ளூ டிக்கோட சரி, இப்ப ப்ளாக். 6,500 ரூபாய்க்கு ஒரு ரசீதுகூட இல்ல.

நல்ல ரெஸ்யூம் எப்படி எழுதணும்னு விரிவாப் போடணும்னுதான் உக்காந்தேன், இன்னிக்கு முடியல. அவசரத்துக்கு இது மட்டும்: ஒரு பக்கம் போதும், ஓட்டின மெஷின், செஞ்ச வேலை, அளவுக் கருவி பேரோட எழுதுங்க, ஸ்டார் பட்டையெல்லாம் வேணாம். பிடிஎஃப்ல எழுத்து செலக்ட் ஆகுதான்னு பாருங்க. இன்டர்வியூவுக்குப் பணம் கேட்டா அங்கேயே போனை வைங்க. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துற தனியார் வேலை முகாமுக்குக் காசு கிடையாது. பணம் போயிட்டா உடனே சைபர் க்ரைம் உதவி எண் 1930க்கு அடிங்க, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நாங்க புகார் கொடுத்துட்டோம். இதே மாதிரி குடியாத்தம், காட்பாடி, ஆற்காடு பக்கம் யாராவது பணம் கட்டியிருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, அவங்க பேசின போன் நம்பரை ஒத்துப் பாத்துக்கலாம்.