சுற்றுச்சூழல், பொருளாதாரப் புவியியல் அடிப்படைக் கையேடு: பாதி அருமை, பாதி மனப்பாடம்

பள்ளி மேல்வகுப்பிலும் கல்லூரி முதலாண்டிலும் புவியியல் படிப்பவர்களுக்கான சின்னக் கையேடு இது. வாங்கலாமா என்று கேட்டால், தொழிற்சாலைகள் எங்கே அமைகின்றன என்ற அத்தியாயத்துக்காகவே வாங்கலாம். வளங்கள் பற்றிய அத்தியாயத்தை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

அமைவிடக் கோட்பாடு என்றாலே மாணவர்கள் ஓடுவார்கள். 1909இல் ஜெர்மன் பொருளியலாளர் ஆல்ஃபிரட் வெபர் சொன்னது, மூலப்பொருள் கிடைக்கும் இடங்களையும் சந்தையையும் இணைக்கும் ஒரு முக்கோணம், எடை இழக்கும் மூலப்பொருள் என்று நாலு வரி எழுதிப்போடுவதோடு பல நூல்களில் கதை முடிந்துவிடும். இதில் அப்படி இல்லை. ஒரு டன் கரும்பில் சர்க்கரையாக வெளியே வருவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான், மீதி எடைக்கும் சேர்த்து எதற்கு லாரி வாடகை கொடுக்க வேண்டும், அதனால்தான் ஆலை வயலை ஒட்டி நிற்கிறது என்று ஆரம்பிக்கிறார்கள். குளிர்பானம் இதற்கு நேர் எதிர். அதில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் எங்கும் கிடைக்கும், ஆகவே அது குடிப்பவர்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தயாராகிறது. இவ்வளவு புரிந்துவிட்டால் முக்கோணத்தை நாமே வரைந்துவிடலாம்.

அடுத்து வரும் அலுமினியம் பகுதிதான் என்னைப் பொறுத்தவரை நூலின் உச்சம். ஏறக்குறைய நாலு டன் பாக்சைட் தாதுவிலிருந்து இரண்டு டன் அலுமினா என்ற வெள்ளைத்தூள், அதிலிருந்து ஒரு டன் அலுமினியம். ஆனால் கடைசிக் கட்டத்தில் அந்த ஒரு டன்னுக்குச் சுமார் 14,000 யூனிட் மின்சாரம் தேவைப்படுகிறது. அங்கே போக்குவரத்துச் செலவைவிட மின்கட்டணம்தான் இடத்தைத் தீர்மானிக்கிறது, அதனால் பாக்சைட்டே தோண்டாத ஐஸ்லாந்துக்கு அலுமினா கப்பலேறிப் போகிறது, ஏனென்றால் அங்கே நீர்மின்சாரமும் புவிவெப்ப மின்சாரமும் மலிவு. இத்தோடு விட்டிருந்தால் வெறும் பொருளாதாரமாகப் போயிருக்கும், அடுத்த பக்கத்திலேயே காராஹ்ன்யூகர் அணையைக் காட்டுகிறார்கள். ஒரே ஓர் உருக்காலைக்கு மின்சாரம் தருவதற்காக மேட்டுநிலம் நீருக்குள் போனதையும், அதை எதிர்த்து அந்நாட்டு மக்கள் போராடியதையும் சேர்த்துப் படிக்கும்போது, சுற்றுச்சூழலும் பொருளாதாரமும் ஏன் ஒரே பாடத்தில் இருக்கின்றன என்பது தானாகப் புரிகிறது.

இதே ஆட்கள்தான் வளங்கள் அத்தியாயத்தையும் எழுதினார்களா என்று சந்தேகம் வருகிறது. புதுப்பிக்கத்தக்கவை, புதுப்பிக்க இயலாதவை என்று இரண்டு பத்தி அட்டவணை. மீனும் காடும் நிலத்தடி நீரும் இந்தப் பக்கம், நிலக்கரியும் பெட்ரோலியமும் அந்தப் பக்கம், முடிந்தது. நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் நூற்றாண்டுக்கணக்காகப் பிடித்துவந்த காட் மீன் கிட்டத்தட்ட இல்லாமலே போய், 1992இல் கனடா அந்த மீன்பிடிப்புக்குத் தடை போட்டது, பல்லாயிரம் பேருக்கு வேலை போனது. அட்டவணைப்படி காட் புதுப்பிக்கத்தக்க வளம்! பெருகும் வேகத்தைவிட மெதுவாக எடுத்தால்தான் அது அந்தப் பத்தியில் இருக்கும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். பாலைவனங்களுக்கு அடியில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த நீரும் அப்படித்தான், எடுத்தால் நம் காலத்தில் திரும்ப ஊறப்போவதில்லை.

தேக்கு, நிலக்கரி, யுரேனியம் எல்லாமே எப்போதும் வளமாகவே இருந்தவை போல எழுதியிருப்பதும் சரியில்லை. அணுக்கருப் பிளவு 1938இல் கண்டுபிடிக்கப்படும்வரை யுரேனியத்துக்குப் பெரிய வேலை எதுவும் கிடையாது, கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நிறம் ஏற்றப் பயன்பட்டது. தொழில்நுட்பமும் தேவையும் வந்த பிறகுதான் ஒரு பொருள் வளமாகிறது என்ற அடிப்படைக் கருத்து எங்குமே இல்லை. அடிப்படைக் கையேட்டில் அடிப்படையையே விடலாமா?

மத்திய ஆசியாவில் பெரும்பகுதி வற்றிப்போன ஏரியான ஏரல் கடலின் படங்கள் நல்ல தெளிவு. ஆனால் அவற்றை 'நீர் மாசு' என்ற தலைப்பின் கீழ் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அது வற்றியதற்குக் காரணம் பருத்திப் பாசனம். 1960களிலிருந்து சோவியத் அரசு ஆமூ தாரியா, சிர் தாரியா ஆறுகளை வயல்களுக்குத் திருப்பியதன் விளைவு. 2005இல் கட்டி முடித்த கோக்-அரால் அணையால் வடபகுதியில் நீர் ஏறி மீன்பிடிப்பு திரும்பியதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, படிக்கிற பையனுக்கு அதுவும் தெரிய வேண்டாமா.

நகரத்தைச் சுற்றி எந்த நிலம் எதற்குப் பயன்படும் என்று காட்டும் வான் தூனனின் 1826ஆம் ஆண்டு வளையங்களும் வெறும் படமாக நிற்கின்றன. நகரத்துக்கு அடுத்து பால், காய்கறி. இரண்டாவது வளையத்தில் காடு. நல்ல நிலத்தில் போய்க் காடா என்று எந்த மாணவரும் கேட்பார். அன்றைக்கு அடுப்பெரிக்கவும் வீடு கட்டவும் மரம்தான், ரயில் இல்லாத காலத்தில் அந்தக் கனத்தை வெகுதூரம் இழுக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். அவரே பண்ணை வைத்துக் கணக்கெழுதிய ஆள் என்பதைச் சொல்லியிருந்தால் இன்னும் உயிர் வந்திருக்கும்.

மனித மேம்பாட்டுக் குறியீடு பற்றிய பக்கங்கள் பரவாயில்லை. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் எளிமையாக விளக்கியிருக்கிறார்கள். காட்டை வெட்டி விற்றால் மொத்த உள்நாட்டு உற்பத்தி கூடும், போன காட்டை யாரும் கழிப்பதில்லை என்பதை ஒரே வரியில் தாண்டிப் போனதுதான் வருத்தம்.

தாளும் அச்சும் குறை சொல்ல முடியாது. பயிற்சி வினாக்கள் பெரும்பாலும் 'வரையறு', 'வேறுபடுத்து' ரகம், விடைகளும் இல்லை. வாங்கினால் பக்கத்தில் ஓர் அட்லஸையும் வைத்துக்கொள்ளுங்கள், இதில் உள்ள வரைபடங்களில் அளவுகோலே போடவில்லை.